கொரியா உதையும் நம் வீட்டு லாபமும்

என் நெஞ்சைவிட்டு இறங்காத அயித்தைக்கு,

மூத்த மருமகள் சிவகாமி விழுந்து கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் பிள்ளைகள் சுகம். மாடு கன்று சுகம். தென்னையில் இந்த வருஷம் காய்ப்பு பரவாயில்லை. எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல் ஒன்றுதான். அதற்கு ஆலங்குடி ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நேற்று உங்கள் திதி. வாழைப்பூப் பொரியலும் பருப்புருண்டைக் குழம்பும் வைத்து இலை போட்டுக் கும்பிட்டோம். காக்காய்க்குச் சோறு வைத்தது நான். தொண்டை கட்டுகிறவரை 'கா கா' என்று கூப்பிட்டது நான். வந்த காக்காய் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் போய் உட்கார்ந்தது. காக்காய்க்கு என்ன தெரியும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் கேட்கிறேன், அயித்தை, அது நீங்கள்தானே?

அவள் என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பார்க்காத மருமகள். உங்கள் சின்ன மகன் கதிரேசன் மலாயாவில் கட்டிக்கொண்டு, நீங்கள் கண்மூடிய மறுவருஷம் கூட்டிவந்தானே, அந்த இந்திராணி. இப்போது அந்தத் தேசத்தை மலேசியா என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு மலாயாதான் வாயில் வருகிறது. ஈப்போ என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள். என்னைவிட உயரம். என்னைவிடச் சிவப்பு. என்னைவிடச் சின்னவள் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இதையெல்லாம் உங்களிடம் ரகசியமாகச் சொல்லலாம்தான். ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் மூடி வைத்து என்ன ஆகப்போகிறது? மாதர் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் போடக் கேட்டார்கள், கொடுத்துவிடுவேன். யார் படித்தாலும் படிக்கட்டும். அவளும் படிக்கட்டும்.

அவள் ஒரு வித்தையைக் கொண்டுவந்திருக்கிறாள். டைக்குவாண்டோ என்று பெயர். கொரியா தேசத்து அடிமுறை. ஆயுதம் ஏதும் இல்லை. கையும் காலும்தான், அதிலும் கால்தான் அதிகம். ஈப்போவில் கொரியாக்கார மாஸ்டர் ஒருவர் பள்ளிக்கூட ஹாலில் சொல்லிக்கொடுத்தாராம். அண்ணனுக்குத் துணையாகப் போய் ஓரமாக உட்கார்ந்திருந்த இவள், ஒருநாள் 'நானும் வரட்டுமா' என்று கேட்டுவிட்டு வரிசையில் நின்றுவிட்டாளாம். இடுப்பில் கட்டுகிற கச்சையின் நிறத்தைப் பார்த்தே யார் எவ்வளவு கற்றவர் என்று தெரிந்துகொள்ளலாம் என்கிறாள். இவளுடைய கச்சை பச்சை.

காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டதும் நேராக நம் வீட்டுக் கடலைக் களத்துக்குப் போய்விடுகிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, ஆளில்லாத களத்தைப் பார்த்துக் குனிந்து கும்பிடுகிறாள். அதில் குறை சொல்ல எனக்கு வழியில்லை. பிறகு காலைத் தூக்குகிறாள் பாருங்கள், காற்றில் தென்னைமட்டை திரும்புகிற மாதிரி, தலைக்கு மேலே போய் ஓசையில்லாமல் இறங்குகிறது. ஒவ்வொரு உதைக்கும் கொரியா பாஷையில் எண்ணுகிறாள். ஹானா, தூல், செட், நெட். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அர்த்தமாம். கடைசி உதைக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். முதல்நாள் அந்தச் சத்தத்துக்கு நம் கன்றுக்குட்டி முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அதைப் பிடிக்க ஓடியது யார்? நான்தான்.

ஊரில் வேறு பேச்சே இல்லை. டீக்கடையில் பேசியதை உங்கள் மூத்த மகன் சாப்பிடும்போது சொல்லிச் சிரிக்கிறார்.

"கொரியாவா? முன்னாடி பெரிய சண்டை நடந்துச்சே, அந்த ஊரா?" என்று ஒருவர் கேட்டாராம்.

"சண்டை நடந்த ஊருலேர்ந்து சண்டைதான் வரும். பின்ன சக்கரவள்ளிக் கெழங்கா வரும்?" என்று இன்னொருவர் சொன்னாராம்.

போன வாரம் புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "ஏங்க, காலால சுத்திச் சுத்தி ஒதைக்கிற அம்மா ஒங்க ஊருதானே? ஒங்களுக்கு ஒறவாங்க?" என்றார். இத்தனை வருஷமாக அதே பஸ்ஸில் போகிறேன். என்னை யார் என்று ஒருநாள் கேட்டதுண்டா?

தொடக்கத்தில் நான் ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தேன், அயித்தை. அவள் உடுப்பு வெள்ளை. தொளதொளவென்று வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. பம்புசெட்டில் துணி துவைக்கும்போது நான்தான் பேச்செடுத்தேன்.

"கால்சட்டைய விடுங்க. கட்டுன புருசன் கல்லுக்குண்டாட்டம் இருக்கையில, சுமங்கலி மேலேர்ந்து கீழ வரைக்கும் வெள்ளை உடுத்தலாமா?"

எல்லாருக்கும் சுருக்கென்றது. பக்கத்து வீட்டு வள்ளிக்கண்ணுகூட, "அட ஆமாத்தா, அது ஆகாதுல்ல" என்றாள். எனக்கு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

மறுநாள் அந்த இந்திராணி என்ன செய்தாள் தெரியுமா? ஒரு பெரிய பானையில் மஞ்சளைக் கரைத்து உடுப்பை முக்கி எடுத்து வேலியில் காயப்போட்டாள். அதற்கடுத்த நாள் மஞ்சள் உடுப்போடு களத்தில் இறங்கினாள். வள்ளிக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மனுக்கு வெரதம் எடுத்தவ மாதிரியே இருக்குடி!" என்றாள். நான் போட்ட முட்டுக்கட்டையில் ஏறி நின்று அவள் இன்னும் உயரமாகிவிட்டாள்.

அப்புறம் பெண்கள் ஒவ்வொருவராகக் களத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். உட்கார்ந்தே கடலை உரித்து உரித்து இடுப்புப் பிடித்துக்கொள்கிறது அல்லவா, அதற்குக் காலை நீட்டி மடக்க இவள் ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இடுப்புப் பிடிப்பு விட்டுப்போனது என்கிறார்கள். ஆனால் அவர்கள் போவது இடுப்புக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். வள்ளிக்கண்ணு ஒருநாள் வாய்விட்டே சொன்னாள்.

"கத்தலாமுல்ல சிவகாமி, அதுக்குத்தான் போறேன். எம் வீட்டுல நான் சத்தமாப் பேசி எத்தனை வருசமாச்சு. அங்க நின்னு 'யா'ன்னு ஒரு கத்துக் கத்துனா, நெஞ்சுல கெடந்த கல்லு நகந்த மாதிரி இருக்கு."

நியாயம்தான். எனக்கும் புரிகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் வீட்டு விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து என்னோடு பதிகம் பாட வந்தவர்கள்தானே இவர்கள்? இப்போது பாதிப்பேர் வருவதில்லை. வருகிறவர்களும் நடுவில் காலை நீட்டி மடக்கிக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது. ஒருநாள் காலையில் உங்கள் மூத்த மகன் பல்குச்சியோடு நின்று அவள் உதைப்பதைப் பார்த்துவிட்டு, "எங்க ஆத்தா மாதிரியே ஒதைக்கிறாடி. ஆத்தாவும் தொழுவத்துக் கதவு இறுகிப்போச்சுன்னா இப்படித்தான் ஒரே ஒதையில தொறக்கும்" என்றார்.

நான் இந்த வீட்டுக்கு வந்து இத்தனை காலத்தில், நான் உங்களைப் போல இருக்கிறேன் என்று அவர் ஒரு தடவை சொன்னதில்லை, அயித்தை. உங்களைப் போலச் சமைத்தேன். உங்களைப் போலச் சீலைத் தலைப்பை இடுப்பில் சொருகினேன். மளிகை கட்டிவந்த காகிதத்தைப் பிரித்து வைத்து நானாக எழுத்துக் கூட்டிப் படித்தது, நீங்கள் சொல்கிற கணக்கை எழுதி வைக்கத்தானே? அதெல்லாம் கண்ணில் படவில்லை. ஒரு உதை கண்ணில் பட்டுவிட்டது.

எனக்கு மிச்சம் இருந்தது 'லாபம்' ஒன்றுதான். ஊரில் எல்லா வீட்டிலும் நெல்லோ கடலையோ அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் எண்ண ஆரம்பிப்பார்கள். மற்ற வீடுகளில் அதை அளக்கிற ஆளே சொல்லிவிடுவான். நம் வீட்டில் மட்டும் வீட்டுக்குப் பெரியவள் களத்தில் நின்று சொல்ல வேண்டும். அவள் வாய் திறக்கும்வரை மரக்கால் சாயாது. அது நீங்கள் வைத்த வழக்கம். கால் வீங்கி நீங்கள் படுத்த வருஷம், என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா சிவகாமி, இனிமே ஓ வாயால சொல்லு" என்றீர்கள். நான் அழுதுகொண்டே லாபம் சொன்னேன். அதைப் பார்த்து நீங்கள், "அழுதுக்கிட்டு லாபம் சொல்றவள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று சிரித்தீர்கள்.

இந்த வருஷம் கடலை அளந்தபோதும் நான்தான் சொன்னேன். இந்திராணி ஓரத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் நான் அடுப்படியில் இருக்கிறேன். களத்திலிருந்து அவள் குரல் கேட்கிறது. "லாபம்! தூல்! செட்! நெட்!" உடனே பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரிக்கிற சத்தம்.

என்னைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. உங்கள் மூத்த மகனிடம் சொன்னேன். "சொன்னாச் சொல்லிட்டுப் போறா, ஒனக்கு என்ன கொறஞ்சுபோச்சு?" என்றார். அன்றிலிருந்து அவளோடு நேராகப் பேசுவதை விட்டுவிட்டேன். அவள் எதிரே நிற்கும்போதே பசுமாட்டைப் பார்த்து, "சோறு வடிச்சிருக்கு, வேணுங்கிறவங்க போட்டுக்கிறட்டும்" என்பேன். மாடு என்னை ஒருமாதிரி பார்க்கும்.

மனசு கொதித்து ஆவுடையார்கோவிலுக்குப் போனேன். அங்கே சாமிக்கு உருவமில்லை, சோற்றை ஆவி பறக்கக் கொட்டி அந்த ஆவியைத்தான் படைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் என்னை முதலில் கூட்டிப்போனீர்கள். கண்ணை மூடி நின்றேன். என் வயிற்றிலிருந்தும் ஆவி பறந்துகொண்டிருந்தது. சாமிக்கு அன்றைக்கு ரெண்டு படையல். அவர் எதை எடுத்துக்கொண்டாரோ தெரியவில்லை, வீடு திரும்பியபோது என்னுடையது அப்படியே இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஊர்ப் பெரியதனம் பார்க்கிற அம்பலக்காரர் வீடு தேடி வந்தார். அம்மன் கோயில் முளைப்பாரி நெருங்குகிறது. முளைப்பாரியைக் கோயிலில் இறக்கியதும் இந்திராணி கோயில் முன்னால் அந்தக் கொரியா வித்தையைச் செய்து காட்ட வேண்டும் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது.

"எளவட்டங்க கேக்குதுக. பொம்பளைகளும் கேக்குதுக. பெரியவங்க, சாமிக்கு முன்னால பொம்பளை காலத் தூக்குறதாங்கிறாங்க. பேசிப் பேசி எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. ஒங்க வீட்டுச் சொல்லு என்னவோ, அதுதான் முடிவு" என்றார் அவர்.

உங்கள் மகன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எங்க வீட்டுப் பொம்பளைக காரியத்துல ஆத்தா இருந்த வரைக்கும் ஆத்தா சொல்லு. இப்ப சிவகாமி சொல்லு. அவ சரின்னா சரி, வேணாம்னா வேணாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று நான் சொன்னால் அது கோயிலோடு நிற்காது. வீட்டுப் பெரியவளே வேண்டாம் என்றுவிட்டாள் என்று களத்திலும் நிறுத்திவிடுவார்கள். அந்த மஞ்சள் உடுப்பு பெட்டிக்குள் போய்விடும். ஒரே ஒரு சொல். நாக்கு நுனியில்தான் இருந்தது.

"வெள்ளிக்கெழமை சொல்றேங்க" என்றேன்.

வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற வள்ளிக்கண்ணு விடவில்லை. "வெள்ளிக்கெழமை வரைக்கும் என்னாத்தா யோசனை? காலு அவளுது. களைப்பு ஒனக்கா?"

அன்று பின்னேரம் நான் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். இந்திராணி வந்து எதிரே உட்கார்ந்து, அவளும் ஒரு கை அள்ளி உரிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, நீங்க வேணாம்னா நான் செய்யல."

நான் முறத்தைப் பார்த்துச் சொன்னேன். "யாருக்காகவும் யாரும் எதையும் விட வேணாம்."

"மொறத்துக்கிட்டப் பேசாதீங்க அக்கா. எங்கிட்டப் பேசுங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"லாபம்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்களே எல்லாரும், அது என்ன?"

அவள் கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டாள். "சிரிச்சது வள்ளிக்கண்ணு அக்கா விழுந்ததுக்கு. நாலாவது ஒதையில சீலை தடுக்கி உக்காந்துட்டாங்க. நான் ஏன் ஒங்கள நெனச்சுச் சிரிக்கப்போறேன்? நீங்க லாபம் சொன்னப்ப அளக்குற ஆளுக எல்லாம் கம்முனு நின்னாங்களே, அது என்னன்னு ஒங்க கொழுந்தன்கிட்ட கேட்டேன். இந்தக் களத்துல மொத எண்ணிக்கைய அப்படித்தான் சொல்லணும், எங்க ஆத்தா வச்ச வழக்கம்னு சொன்னாரு. நான் வந்த நாள்லேர்ந்து தெரியாம ஹானா, ஹானான்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். களத்துக்கு ஆகாதோன்னு பயமாப் போச்சு. அதான் மாத்திக்கிட்டேன். மாஸ்டர் கேட்டா அடிக்க வருவாரு."

இவ்வளவுதான் விஷயம், அயித்தை. கேலி இல்லை. கும்பிடு. கொரியாக்காரர் சொல்லிக்கொடுத்ததைக்கூட ஒரு சொல் மாற்றி, உங்களுக்கு அடங்கி நின்றிருக்கிறாள், உங்களைக் கண்ணால் பார்க்காதவள்.

இதைக் கேட்டதும் எரிச்சல் அடங்கிவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அடங்கவில்லை. கூடிவிட்டது. கேலியாகச் சொல்லியிருந்தாலும் அந்தச் சொல் என்னுடையதாகவே இருந்திருக்கும். பக்தியாகச் சொன்னாள் என்றால் அவளுக்கும் அதில் பங்கு வந்துவிடுகிறதே. நீங்கள் என் கையைப் பிடித்துக் கொடுத்ததை, அவள் ஓரமாக நின்று பார்த்தே எடுத்துக்கொண்டாளே. ஈப்போவில் அந்த வித்தையைக் கற்றதும் அப்படித்தானாம், ஓரமாக உட்கார்ந்து பார்த்து.

உங்கள் கடைசி நாளில் கஞ்சிக் கிண்ணத்தோடு நான் பக்கத்தில் இருந்தேன். நீங்கள் கண்ணைத் திறந்து, "சின்னவன் வந்துட்டானா?" என்று கேட்டீர்கள். என் பெயரைச் சொல்லவில்லை. பெற்ற பிள்ளை, கேட்கத்தான் செய்வீர்கள். அவன் வரவில்லை. மறுவருஷம் வந்தபோது இவளைக் கூட்டிவந்திருக்கிறான். நீங்கள் இருந்து இவளைப் பார்த்திருந்தால், இந்த உதையையும் இந்தச் சத்தத்தையும் பார்த்திருந்தால், லாபத்தை யார் வாயில் வைத்திருப்பீர்கள்? என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

சந்தைக்கு எல்லாரும் போன சமயம் பார்த்து நேற்று முன்தினம் நான் களத்துக்குப் போனேன். செருப்பைக் கழற்றினேன். குனிந்து கும்பிட்டேன். சீலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு காலைத் தூக்கினேன். முழங்காலுக்கு மேல் வரவில்லை. சரி, சத்தமாவது போடலாம் என்று அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து வாயைத் திறந்தேன். வந்தது குலவை. தென்னந்தோப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி நீளமாக, நாக்குச் சுழல, நீங்கள் சொல்லிக்கொடுத்த அதே குலவை. கன்றுக்குட்டி ஓடவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லைத் தின்றது.

அங்கே நின்று முடிவெடுத்தேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

வெள்ளிக்கிழமை அம்பலக்காரர் வந்ததும் சரி என்று சொல்வேன். அம்மன் பார்க்க, ஊர் பார்க்க அவள் உதைக்கட்டும். ஆனால் என் தலையில் சுமந்த முளைப்பாரியை இறக்கி வைத்த கையோடு நானும் அவள் பக்கத்தில் நிற்பேன். முதல் எண்ணிக்கை என் வாயிலிருந்துதான் வரும். தூலும் செட்டும் அவள் பாடு, கொரியா பாடு. இதை இன்று காலையில் அவளிடம் நேராக, முறத்திடமோ மாட்டிடமோ சொல்லாமல், சொல்லிவிட்டேன்.

"நீங்க சொல்ற வரைக்கும் நான் என்னக்கா பண்ணணும்?" என்றாள்.

"நிக்கணும்."

"ரொம்ப நேரம் சொல்லாம இருந்தா?"

"ரொம்ப நேரம் நிக்கணும்."

சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவ்வளவு சீக்கிரம் கொடுத்துவிடுவேனா?

எரிச்சல் போய்விட்டது என்று உங்களுக்குப் பொய் எழுதமாட்டேன். இருக்கிறது. இருந்தாலும் என் சொல்லுக்காக அந்தக் கால் தரையில் காத்து நிற்கப்போகிறது என்று நினைக்கும்போது கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கிறது.

முளைப்பாரி அன்று நீங்களும் வாருங்கள். காக்காயாக வந்தாலும் சரி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்காவது என் பக்கத்துச் சுவரில் உட்காருங்கள்.

உங்கள் வாய்ச்சொல்லை விட்டுக்கொடுக்காத
மூத்த மருமகள்
சிவகாமி